சைக்கிள் மிதித்துக் கேட்ட பாட்டு

இணுவில்,
ஐப்பசி, 2025.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ நலமாக இருக்கக் கந்தன் துணை. கைத்தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். தொலைபேசியில் நான் வாயைத் திறந்ததும் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்கிறாய். நீ பேசப் பழகிய நாளிலிருந்து உன் ஓம்களைக் கேட்டவன் நான். எது சம்மதம், எது அலுப்பு, எது கதவைச் சாத்துகிற ஓம் என்று எனக்குத் தெரியும். கடிதத்துக்கு ஓம் போட முடியாது. வாசித்துத்தான் ஆகவேண்டும்.

ஊர்ப் புதினம் நிறைய இருக்கிறது. மழை பிந்தித்தான் தொடங்கியது. மேற்கு வேலி இனிக் கதியாலுக்கு அடங்காது என்று தகரம் அடித்துவிட்டேன். பின் வளவை வாங்கியவர் மாடி வீடு எழுப்புகிறார். சீமெந்துத் தூசு நம் கறிவேப்பிலையில். மிச்சத்தை எழுத மனம் ஓடவில்லை. நீ இரவில் தூங்குவதில்லை.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் தொலைபேசியை எடுத்தால், நீ இணைப்பில் இருப்பதாக உன் பெயருக்குக் கீழே காட்டுகிறது. ரொறன்ரோவில் அப்போது அதிகாலை மூன்று மணி. ஒரு நாள் என்றால் அவசர வேலை என்று விடலாம். இரண்டு மாதமாக இப்படி. நான் வேவு பார்க்கவில்லை, கண்ணில் படுகிறது. வேலைக்குப் போகிறவன் தூங்க வேண்டும், தம்பி. பனங்கற்கண்டு போட்டுப் பால் குடித்துவிட்டுப் படு. உன் அம்மா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

எனக்கும் இப்போது தூக்கம் குறைவு. ஆனால் எனக்கு எழுபத்தேழு வயது, எனக்கு அது நியாயம். விழித்திருக்கும் நேரத்தில் பாட்டுக் கேட்கிறேன். என்ன பாட்டு என்று சொன்னால் நம்பமாட்டாய். உன்னுடைய அந்த ஆங்கிலேய இசைக்குழு, ஜெத்ரோ டல்.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் மூவரும் வந்து நின்றபோது பேத்தி என் தொலைபேசியில் இதை ஏற்றித் தந்துவிட்டுப் போனாள். "அப்பப்பா, இது அப்பா காரில் போடுகிற பாட்டு" என்றாள். நான் மாதக்கணக்கில் தொடவில்லை. பங்குனியில் ஒரு இரவு, கை தவறி அது பாடத் தொடங்கிவிட்டது. நிறுத்தத் தெரியாமல் கேட்டேன். பிறகு நிறுத்த மனமில்லாமல் கேட்டேன்.

குழுவின் பெயராக அதை முதலில் சின்ன மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த கசற்றில்தான் பார்த்தேன், நினைவிருக்கிறதா? இது விதை போடும் கருவி செய்த ஆளின் பெயரல்லவா என்று உன்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். நீ அதற்கும் ஓம் போட்டாய். ஆனால் நான் சொன்னது சரி. இங்கிலாந்தில் 1674இல் பிறந்த ஜெத்ரோ டல் சட்டம் படித்துவிட்டுக் கமத்துக்கு வந்தவன். கையால் வீசி விதைத்த காலத்தில், 1701இல், வரிசையாக விதை இறக்கும் கருவியைச் செய்தவன். விவசாயப் படிப்பில் எங்களுக்கு அவன் ஒரு பரீட்சைக் கேள்வி. நான் உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போதுதான் வாசித்தேன். அவன் ஓர்கன் வாசிக்கிறவனாம். விதையை அளந்து விடுகிற பொறிக்கான யோசனையையே அந்த வாத்தியத்தின் உள்ளமைப்பிலிருந்துதான் எடுத்தானாம். இசைக்குழுவுக்கு அந்தப் பெயரை வைத்தது நிகழ்ச்சி ஒழுங்கு செய்யும் முகவர் நிலையத்தில் வேலை செய்த, வரலாற்றில் பித்துக் கொண்ட ஒருவர். குழுவில் இருந்த பிள்ளைகளுக்கு அது யாருடைய பெயர் என்று அப்போது தெரியவும் தெரியாது. 1968இல் வந்த முதல் இசைத்தட்டில் பெயரைப் பிழையாக "ஜெத்ரோ டோ" என்று அச்சடித்துவிட்டார்கள். நம் வீட்டுக் கல்யாண அழைப்பிதழில் நடந்ததைப் போல.

அந்தப் பாட்டைத்தான் சொல்ல வந்தேன். "திக் அஸ் எ பிரிக்", 1972இல் வந்தது, ஏறக்குறைய 44 நிமிடம் ஒரே பாட்டு. மரமண்டை என்று நாம் சொல்வதை அவர்கள் செங்கல் என்கிறார்கள் போலும். இசைத்தட்டின் உறையே 12 பக்கப் பத்திரிகை. கிராமத்துச் செய்தி, விளம்பரம், போட்டி, எல்லாம் பொய். எட்டு வயதுச் சிறுவன் எழுதிய கவிதைக்கு இசை அமைத்தோம் என்று போட்டிருக்கிறார்கள். நான் நம்பிவிட்டேன்! எட்டு வயதில் இவ்வளவு அறிவா என்று பேத்திக்கு எழுத, அவள் சிரிக்கிற படம் பதினைந்து அனுப்பினாள். முந்தின ஆண்டு இசைத்தட்டை ஒரே கதையாகக் கோத்தது என்று விமர்சகர்கள் சொல்லிவிட்டார்களாம். அப்படியில்லை என்று குழுவின் பாடகர் அண்டர்சன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அப்படியானால் பாருங்கள் என்று கேலிக்குச் செய்தது இது. கேலிக்குச் செய்ததில் இத்தனை வேலைப்பாடு. கோபத்தை இப்படிச் செலவழிக்கத் தெரிந்த மனிதன்.

44 நிமிடம் எனக்குப் பெரிதில்லை. கோயில் வீதியில் மணலில் இருந்து விடியும்வரை தோடி கேட்ட காது இது. அளவெட்டிப் பத்மநாதன் நாதஸ்வரமும் தட்சணாமூர்த்தி தவிலும் கேட்டவனுக்கு ஒரு பல்லவி எங்கே போய் எப்படித் திரும்பும் என்று காத்திருக்கத் தெரியும். இந்தப் பாட்டிலும் முதலில் கித்தாரில் வருகிற சின்னச் சங்கதி எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கடைசியில் அதே வாசலுக்கு வந்து நிற்கிறது. 1969இல் வந்த இன்னொரு பாட்டு இருக்கிறது, "லிவிங் இன் த பாஸ்ட்", பழங்காலத்திலேயே வாழ்வது என்று பொருள். ஐந்து எண்ணிக்கை. தகதகிட, தகதகிட என்று நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டு போகலாம், சுத்தமான கண்டம். வெள்ளைக்காரன் மூன்றையும் நான்கையும் விட்டு வெளியே வரமாட்டான் என்று உன்னிடம் எத்தனை முறை அடித்துச் சொல்லியிருப்பேன்! அந்தக் கசற்றில் இது இருந்ததா? இருந்திருந்தால் ஏன் எனக்குப் போட்டுக் காட்டவில்லை?

கேள்வியை நானே திரும்பப் பெறுகிறேன். போட்டுக் காட்ட நான் எப்போது இடம் தந்தேன்.

பின் விறாந்தை நினைவிருக்கும். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை. பற்றரி வரத் தடை. எல்லா வீட்டிலும் ஜாம் போத்தல் விளக்கு. நீ என் சைக்கிளை நிறுத்தி டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசற் பெட்டியை ஓட வைத்தாய். பெரியம்மாவின் மூத்தவன் கையால் மிதிகட்டையைச் சுற்றுவான், நீ பெட்டியில் காதை வைத்துக்கொண்டிருப்பாய். இசைத்தட்டு என்றால் பாதியில் புரட்டிப் போட வேண்டும். மாமா தந்தது தொண்ணூறு நிமிடக் கசற், முழுப்பாட்டும் ஒரே பக்கத்தில். ஆகவே அவன் நிறுத்தாமல் 44 நிமிடம் சுற்ற வேண்டும். கை ஓய்ந்தால் பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கும். பிறகு இருவரும் சிரிப்பீர்கள், குரல் மேலே ஏறும். உள்ளே இருந்த எனக்கு அது வெறிகாரன் பாட்டு. இப்போது கேட்டால் சுருதி அப்படியே நிற்கிறது. இத்தனை காலம் நான் திட்டியது டைனமோவின் சுருதியை.

பெரியம்மா இப்போதும் ஒழுங்கையால் போகும்போது படலையைப் பிடித்துக்கொண்டு உன்னைத்தான் விசாரிப்பாள். போன கிழமை அவள் வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். "இதென்ன, அவையளின்ர பாட்டே?" என்றாள். நான் நிறுத்தப் போனேன். "விடுங்கோ" என்றுவிட்டுத் திண்ணையில் இருந்தாள்.

அந்த டைனமோ ஏற்பாட்டை ஊரில் வேறு யாரும் அவ்வளவு ஒழுங்காகச் செய்யவில்லை. அதை அன்று உன்னிடம் சொல்லவில்லை. இன்று என் மகன் ரொறன்ரோவில் மாடிக் கட்டடங்களுக்கு மின்சாரத் திட்டம் போடுகிறவன் என்று மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். அவ்வளவு மூளை உள்ளவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

கிடைத்தாலும் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்து பேசுகிறாய். முன்பு உன் பின்னால் கல்யாணப் படமும் அம்மாவின் படமும் தெரியும். கடைசி மூன்று முறையும் வெறுஞ்சுவர், ஆணிகூட இல்லை. வேலை அறையை மாற்றியிருப்பாய். அம்மாவின் படத்தை எங்கே மாட்டியிருக்கிறாய் என்று மட்டும் எழுது. தெற்குப் பார்த்து இருக்கட்டும்.

பேத்தி கெட்டிக்காரி. என் பிழைகளைத் திருத்துகிறாள், நானும் அவளுடைய தமிழைத் திருத்துகிறேன். புரட்டாசியில் ஒரு நாள், "இந்தக் கிழமை நான் அப்பாவின் வீட்டில் நிற்கிறேன்" என்று எழுதியிருந்தாள். அப்படி எழுதக் கூடாது, "எங்கள் வீட்டில்" என்றுதான் எழுத வேண்டும் என்று திருத்தி அனுப்பினேன். அதற்கு அவள் பதில் போடவில்லை. நீ அவளுடைய தமிழைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறந்துவிட்டேன், அந்தக் குழுவில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறார்கள். தொடக்கத்திலிருந்து மாறாமல் நிற்பவர் இயன் அண்டர்சன் மட்டும். என்னைவிட ஒரு வயது மூத்தவர். கித்தார் வாசிக்கும் மார்ட்டின் பார் 1968 கடைசியில் வந்து சேர்ந்தவர், நாற்பது ஆண்டுக்கு மேல் கூட நின்றிருக்கிறார். ஒருவர் மூச்சு விட்டால் மற்றவருக்குத் தெரியும் என்கிற மாதிரி வாசிப்பு. அவர்களும் பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. இரண்டு பெரிய மனிதர்களின் விடயம். அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் குழு வைத்துக்கொண்டு இருவரும் அந்தப் பழைய பாட்டுகளை வாசிக்கிறார்கள். சனமும் இரண்டு பக்கமும் போய்க் கேட்கிறது. ஒருவரும் யாரையும் ஒதுக்கி வைக்கவில்லை.

1978இல் உழவுக் குதிரைகளைப் பற்றி ஒரு பாட்டுச் செய்திருக்கிறார்கள். டிராக்டர் வந்து குதிரை போன கதை. அதைக் கேட்ட இரவு நான் முற்றத்தில் நடந்தேன். நம் ஊரில் துலாவை விட்டு இயந்திரத்தால் நீர் இறை என்றவன் நான். மாட்டை விற்று லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எடு என்றவன் நான். வெங்காயத்துக்கு யூரியாவை அள்ளிப் போடச் சொன்னவர்களில் ஒருவன் நான். அந்தப் பழைய ஜெத்ரோ டல், மண்ணைப் பொடியாக்கிக் கொத்தினால் எருவே வேண்டாம் என்று சாகும்வரை நம்பினான். அவன் ஒரு பக்கம் பிழை, நாங்கள் மறு பக்கம் பிழை. இன்று வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று என்று குழந்தைகளுக்குத் தண்ணீர் விலைக்கு வாங்குகிறார்கள். ஓய்வூதியம் மட்டும் மாதா மாதம் சரியாக வருகிறது.

அண்டர்சனின் படத்தைப் பார்த்திருப்பாய், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு புல்லாங்குழல் ஊதுவார். கண்ணனும் கூத்தனும் ஓருடலில் வந்த மாதிரி. கித்தார் மேதை கிளாப்டனைப் போலத் தன்னால் வாசிக்க முடியாது என்று கித்தாரைக் கொடுத்துவிட்டுக் குழல் வாங்கியவர். குரு இல்லை, தானே பழகினார். ஊதிக்கொண்டே தொண்டையாலும் பாடுகிறார், கரகரவென்று வருகிறது. முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது, இப்போது அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறேன். பிறகு ஸ்கொட்லாந்தில் சல்மன் மீன் வளர்த்திருக்கிறார், எங்கள் ஆள்தான். 2020இல் தனக்கு நுரையீரல் நோய் இருப்பதாகச் சொன்னார், மேடைப் புகைதான் காரணம் என்று நினைக்கிறாராம். நீ திரும்பவும் சிகரெட் பிடிக்கிறாயா? குரல் கரகரக்கிறது. பிடிக்காதே. இரவில் விழித்திருந்தால் அது தானாக வரும்.

அவரைப் பற்றி வாசித்ததில் ஒன்றுதான் என்னை விடவில்லை. 1990களின் தொடக்கத்தில் அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் புல்லாங்குழல் பழகத் தொடங்கியிருக்கிறாள். அவள் விரல் வைக்கிற முறை வேறு, தகப்பன் வைக்கிற முறை வேறு. தகப்பனுடையது பிழை. இருபது ஆண்டுக்கு மேல் உலகமெல்லாம் ஊதி, கோடிச் சனம் கேட்டு, வயது நாற்பதைத் தாண்டிய பிறகு, அந்த மனிதன் முதலிலிருந்து விரல் வைக்கப் பழகியிருக்கிறார்.

தம்பி, அந்தக் கசற்றை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை.

1994. உனக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பின் விறாந்தையில் ஒவ்வொரு மாலையும் அந்தச் சத்தம். உரும்பிராய்த் தோட்டத்தில் புகையிலை வெட்டிய தரையில் குரக்கன் போட்டிருந்தேன், கதிர் முற்றுகிற பருவம், கிளி மொய்த்தது. நாடா கட்டினால் கிளி வராது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன ஆள் நான்தானே. ஒரு நாள் நீ ரியூசனுக்குப் போன பிறகு உன் கசற்றை எடுத்துக்கொண்டு போய், நாடாவை இழுத்து, தடிக்குத் தடி கட்டினேன். இவ்வளவு நீளம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. காற்றுக்கு ஊம் என்று முழங்கியது. கிளி வரவில்லை. அந்தப் போகம் விளைச்சலும் நல்லது.

நீ தேடியபோது, அம்மா அலுமாரி துப்புரவாக்கும்போது யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லவில்லை. மூன்று நாள் நீ அவள் குழைத்துத் தந்த சோற்றை வாங்கவில்லை. ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரவில் அவளிடம், பரீட்சை முடியட்டும், நான் சொல்கிறேன் என்றேன். பரீட்சை முடிந்தது. அடுத்த ஆண்டு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தோம், அதற்குப் பிறகு யாருக்குக் கசற்றின் கவலை. பெரியம்மாவின் மூத்தவனும் இல்லை. நீயும் போய்விட்டாய். அவள் போன பிறகும் நான்கு ஆண்டாகிவிட்டது. அந்திரட்டிக்கு நீ வந்து நின்றபோது, "சின்ன வயதில் அம்மாவோடு நான் கோபித்துக்கொண்டது அந்தக் கசற்றுக்காக ஒரு முறைதான்" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாய். நான் தேத்தண்ணீர்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இதற்கு நீ ஒன்றும் பதில் எழுத வேண்டாம். கோபம் வந்தால் வரட்டும், அது எனக்கு உரியதுதான், முப்பத்தொரு ஆண்டு பிந்தி வருகிறது.

இந்த வீட்டில் எதையும் யாரும் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தை நீ என்னிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும், அம்மாவிடமிருந்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் விழித்திருப்பேன். உனக்கு அப்போது காலை. வெள்ளைச் சுவர் என்றாலும் பரவாயில்லை. எனக்கு அந்தப் பாட்டில் இருபது நிமிடம் தாண்டி வருகிற ஒரு இடம் பிடிபடவில்லை, தாளம் கைவிட்டுப் போகிறது, நீ எண்ணிச் சொல்ல வேண்டும். தைப்பூச மஞ்சத்துக்கு வர முடியுமானால் வா. பெரிய அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். சின்ன அறையையும்.

இரவில் நேரத்துக்குப் படு.

அன்புடன்,
அப்பா

பி.கு: மிளகாய்த்தூள் வறுத்து இடித்தாயிற்று. ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பெரியம்மா தந்திருக்கிறாள். மருமகளுக்குப் பிடித்த பனங்கட்டியும் குட்டானோடு வாங்கிவிட்டேன், அது அவளுக்குத்தான், என்ன ஆனாலும் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த கிழமை அனுப்புகிறேன். ஒரே பொதியாகக் கட்டவா, இரண்டாகக் கட்டவா என்று மட்டும் எழுது. இரண்டு என்றால் மற்ற விலாசத்தையும் அனுப்பு.